சவரத்திற்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று



அயல்நாட்டிலிருந்து வந்த பெட்டியை அவிழ்க்கும் நாள் ஒரு குடும்பத்திற்குத் திருநாள் போன்றது. சட்டைத் துணி, சோப்பு, சாக்லேட், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றுக்கு நடுவே கண்ணாடிப் புட்டிகள் ஒன்றிரண்டு தவறாமல் இருக்கும். மூடியைத் திறந்தால் வீடே மணக்கும். ஆனால் அந்தப் புட்டி எதற்கு உரியது, யார் பூசுவது, எங்கே பூசுவது என்பதை அனுப்பியவர் எழுதுவதில்லை, பெற்றுக்கொண்டவரும் கேட்பதில்லை.

கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு சகோதரி இதைப்பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். புதுவையிலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் அது. அங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இவருடைய குடும்பம் வாழ்கிறது. கனடாவில் இருக்கும் இவருடைய அண்ணா இரண்டு புட்டிகள் அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்றில் ஆப்டர் ஷேவ் என்றும், மற்றொன்றில் கொலோன் என்றும் அச்சிட்டிருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் கணவர் சவரம் செய்தபின் எதைப் பூசினாலும் முகம் தீயாய் எரிகிறதாம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது மாமி, "ஊரில நாங்கள் ஓடிக்கொலோன்தானே போடுறனாங்கள்" என்று சொல்லி, அதில் துணியை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டாராம். கடிதத்தின் கடைசி வரிதான் எம்மை உடனே எழுதத் தூண்டியது: "இதுவும் சாராயந்தானே, தண்ணீர் கலந்து குடித்தால் என்ன என்று தெருமுனையில் இரண்டு பையன்கள் பேசியதைக் கேட்டேன். பயமாக இருக்கிறது."

சகோதரியின் அச்சம் நியாயமானது. இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக விடை காண்போம்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். புதுவைக்கு அருகில் வாழ்வோருக்குப் பிரெஞ்சுச் சொற்கள் சில பழக்கமானவை. அம்மொழியில் 'ஓ' என்றால் தண்ணீர். 'ஓ த கொலோன்' என்றால் கொலோன் நகரத்துத் தண்ணீர். அதுவே நம்மவர் நாவில் ஓடிக்கொலோன் ஆயிற்று. கொலோன் என்பது ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள பழம்பெரும் நகரம். கீழ்த்திசை ஞானிகள் மூவருடையவை எனப் போற்றப்படும் திருப்பண்டங்கள் 1164ஆம் ஆண்டு முதல் அந்நகரில் வைக்கப்பட்டுள்ளமையால், நம் வாசகர்களில் பலர் அதன் பேராலயத்தைப்பற்றிக் கேள்வியுற்றிருப்பார்கள்.

அந்நகரில் 1709ஆம் ஆண்டில் ஃபரீனா என்னும் இத்தாலியக் குடும்பத்தார் ஒரு வணிக நிலையத்தைத் தொடங்கினார்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜொவானி மரியா ஃபரீனா என்பவர் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்காமாட் முதலிய பழத்தோல்களின் எண்ணெயைத் தூய ஆல்ககாலில் கரைத்து ஒரு நறுமண நீரை உருவாக்கினார். பிழைக்க வந்த இடத்தில் தாம் படைத்த பொருளுக்குத் தம் சொந்த ஊரின் பெயரை இடாமல், தமக்கு இடங்கொடுத்த ஊரின் பெயரையே இட்டார். அந்தப் பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் கொலோன் நீர் உடலில் பூசும் வாசனைப் பொருளாக மட்டுமன்றி, பல நோய்களுக்கு உள்ளே அருந்தும் மருந்தாகவும் விற்கப்பட்டது. 1810ஆம் ஆண்டில் நெப்போலியன் ஓர் ஆணை பிறப்பித்தார். உள்ளே அருந்தும் மருந்துகளின் செய்முறையை அரசுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்பது அந்த ஆணை. தங்கள் தொழில் இரகசியத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத உற்பத்தியாளர்கள், 'இது மருந்து அன்று, வெறும் வாசனை நீர்' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று முதல் கொலோன் மருந்துப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. ஆனாலும் மருந்து என்ற நினைப்பு மட்டும் மக்கள் மனத்தைவிட்டு நீங்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம் தமிழ்நாட்டிலும், தலைவலிக்கும் மயக்கத்திற்கும் காய்ச்சலுக்கும் ஓடிக்கொலோன் நனைத்த கைக்குட்டையை நெற்றியில் இடும் வழக்கம் அந்தப் பழைய நினைப்பின் எச்சமே எனலாம்.

இனி, இரண்டு புட்டிகளின் வேறுபாட்டைக் காண்போம்.

கொலோன் என்பது வாசனைக்காக மட்டுமே ஏற்பட்டது. அதில் பெரும்பகுதி, அதாவது 70 முதல் 90 விழுக்காடு வரை, ஆல்ககால். நறுமண எண்ணெய் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு. எஞ்சியது தண்ணீர். பூசியவுடன் ஆல்ககால் ஆவியாகிப் பறந்துவிடும். எண்ணெய் மட்டும் தங்கிச் சில மணி நேரம் மணக்கும். தோலுக்கு அதனால் நன்மை ஏதும் இல்லை. ஆகவே அதைச் சட்டையிலும் கைக்குட்டையிலும் தெளித்துக்கொள்வதே போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடவர் பூசும் எல்லா வாசனை நீருக்கும் கொலோன் என்றே பெயரிட்டுவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கிருந்து வரும் புட்டியில் நறுமண எண்ணெய் பழைய ஓடிக்கொலோனில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கலாம்.

ஆப்டர் ஷேவ் என்பதற்குச் 'சவரத்திற்குப் பின்' என்பதே பொருள். பெயரிலேயே அதன் வேலை அடங்கியிருக்கிறது. கத்தி மயிரை மட்டும் மழிப்பதில்லை; தோலின் மேற்படலத்தையும் சிறிது சுரண்டி எடுத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் பல உண்டாகின்றன. அவற்றில் கிருமி சேராமலும், எரிச்சல் தணியவும், தோல் காய்ந்துவிடாமலும் இருக்கச் செய்வதே ஆப்டர் ஷேவின் பணி. அதில் நறுமண எண்ணெய் கொலோனைவிடக் குறைவு. பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடுதான். ஆல்ககாலும் குறைவு. அதற்குப் பதிலாகத் தண்ணீர், ஈரங்காக்கும் கிளிசரின், குளிர்ச்சி தரும் மென்தால் போன்றவை சேர்க்கப்படுகின்றன. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆடவருக்கென வெளிவந்து, பாய்மரக் கப்பல் படத்தோடு நம் ஊர்க் கடைகளிலும் பழக்கமாகிவிட்ட ஓல்டு ஸ்பைஸ் இதற்கு எடுத்துக்காட்டு. சுருங்கச் சொன்னால், ஆப்டர் ஷேவ் தோலுக்காக ஏற்பட்டது, வாசனை அதற்கு உபரி. கொலோன் வாசனைக்காக ஏற்பட்டது, தோலைப்பற்றி அதற்குக் கவலை இல்லை.

நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்களில் சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து முகத்தில் தேய்ப்பார்களே, அதுவே நம் நாட்டு ஆப்டர் ஷேவ். படிகாரம் தோலைச் சுருங்கச் செய்து, சிறு கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்திவிடும். ஆல்ககாலைப்போல் எரிப்பதுமில்லை. விலையோ அற்பம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கடையில் பலர் முகத்தில் பட்ட படிகாரக் கட்டியை நம் கீறலில் வைக்கக்கூடாது. வீட்டில் தமக்கென்று தனியே ஒன்று வைத்துக்கொள்வது நலம். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை மற்றவருக்கு வைத்தால் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி பரவக்கூடும். அதன்மேல் எத்தனை ஆப்டர் ஷேவ் பூசினாலும் அது காப்பாற்றாது. புதிய பிளேடைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

சகோதரியின் கணவருக்கு முகம் எரிவது ஏன்? 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை அழகாக விளக்குகிறது. நம் தோலில் சூட்டை உணர்த்தும் நரம்பு முனைகள் உள்ளன. ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ் வெப்பம் பட்டால்தான் அவை 'சுடுகிறது' என்று மூளைக்கு அறிவிக்கும். ஆல்ககால் பட்டவுடன் அந்த எல்லை ஏறத்தாழ 34 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம் உடலின் இயல்பான வெப்பமே 37 பாகை. எனவே நம் சொந்த உடற்சூட்டையே நெருப்பென்று நரம்பு அறிவித்துவிடுகிறது. கீறல் பட்ட தோலில் ஆல்ககால் நேரே நரம்பு முனைகளை எட்டுவதால் எரிச்சல் மிகுகிறது. ஆல்ககால் மிகுந்த கொலோனைச் சவரம் செய்த முகத்தில் பூசினால் இந்த எரிச்சல் இன்னும் கூடும்.

மரக்காணத்து உப்பளங்களில் பாடுபடுவோருக்கு இது மேலும் துன்பம் தரும். பாத்திகளில் தேங்கிய உப்புநீரில் நின்று, வாரிக் குவித்துச் சுமந்து, வெயிலிலும் உப்புக்காற்றிலும் நாள் முழுதும் வேலை செய்யும்போது தோலின் ஈரம் வற்றி, வெடிப்பும் வறட்சியும் ஏற்கெனவே ஏற்பட்டிருக்கும். ஆல்ககாலோ எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆதலால் அவருக்கு நாம் சொல்வது இதுதான்: காலையில் வேலைக்குப் போகுமுன் சவரம் செய்யாமல், மாலையில் வீடு திரும்பிக் குளித்தபின் செய்துகொள்ளட்டும். நல்ல தண்ணீரில் முகம் கழுவி, படிகாரத்தை ஒருமுறை தடவி, மீண்டும் கழுவித் துடைத்து, ஓரிரு துளி தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டால் போதும். அயல்நாட்டுப் பொருளே வேண்டுமென்றால், ஆல்ககால் சேராத, பால்போல் குழைவான 'ஆப்டர் ஷேவ் பாம்' என்ற வகையை அனுப்பச் சொல்லலாம்.

வெயிலில் வேலை செய்வோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கொலோனில் சேரும் பெர்காமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், அந்த இடம் சிவந்து, பின்பு கருத்துவிடும். வாசனை நீர் கழுத்தில் வழிந்த வழியே, தொங்கட்டான் தொங்குவதுபோல் கருங்கோடுகள் விழுவதால், தொங்கட்டானைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து மருத்துவர்கள் இந்நோய்க்குப் பெயரிட்டார்கள். கருமை மறையப் பல மாதங்கள் ஆகும். பெரிய நிறுவனங்கள் இப்போது அப்பொருளை நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகின்றன. எனினும் பழைய புட்டிகளையும் மலிவான போலிகளையும் அப்படி நம்ப முடியாது. எனவே கடலுக்கும் உப்பளத்திற்கும் வயலுக்கும் செல்வோர் கழுத்திலும் முகத்திலும் கொலோன் பூசாமல் இருப்பதே அறிவுடைமை.

அடுத்து, குழந்தையின் காய்ச்சல். இங்கே நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மாமி செய்தது அன்பினால் செய்தது. அவருடைய தாயும் பாட்டியும் செய்ததையே அவரும் செய்தார். ஆனால் இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. கொலோன் நெற்றியில் குளிர்ச்சியாக இருப்பது, ஆல்ககால் ஆவியாகும்போது தோலின் சூட்டைக் கொண்டுபோவதால்தான். காய்ச்சலின் காரணம் அதனால் அகலுவதில்லை. திடீர்க் குளிர்ச்சியால் குழந்தை நடுங்கத் தொடங்கினால், அந்த நடுக்கமே உடற்சூட்டை ஏற்றிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆல்ககால் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே புகுவதாகும். சிறு குழந்தைகளுக்கு அது இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்து, மயக்கத்தில் ஆழ்த்திவிடக்கூடும். உடல் முழுவதும் துடைத்துவிட்டால் ஆபத்து பன்மடங்காகிறது.

ஆகவே காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஓடிக்கொலோனும் வேண்டாம், வேறெந்த ஸ்பிரிட்டும் வேண்டாம். மெல்லிய ஆடை உடுத்தி, தாய்ப்பாலோ கஞ்சியோ தண்ணீரோ அடிக்கடி கொடுங்கள். துடைக்க வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். குழந்தையின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக் கொடுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாமியிடம் இதைச் சொல்லும்போது பணிவாகச் சொல்லுங்கள். அவருக்குத் தலைவலி வந்தால் தம் கைக்குட்டையில் இரண்டு துளி விட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. பேரக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

இனி, கடைசிக் கேள்வி. கொலோன் சாராயமா? இந்தக் கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் வரை சென்ற ஒன்று. பம்பாய் மாகாணத்தில் 1949இல் மதுவிலக்குச் சட்டம் வந்தபோது, ஆல்ககால் சேர்ந்த எந்தத் திரவத்தையும் வைத்திருப்பது குற்றம் என்றாயிற்று. எஃப். என். பால்ஸாரா என்பவர் அதை எதிர்த்து வழக்காடினார். விஸ்கி, பிராந்தியோடு ஓடிக்கொலோனும் அவர் குறிப்பிட்ட பொருள்களுள் ஒன்று. 1951ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுவை விலக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆல்ககால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் தடுப்பது நியாயமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அதாவது, ஆல்ககால் இருப்பதனாலேயே வாசனை நீர் மது ஆகிவிடாது என்று சட்டம் பிரித்துக் காட்டியது.

சட்டம் பிரித்ததை மனிதரும் பிரித்தறிய வேண்டும். கொலோனிலும் ஆப்டர் ஷேவிலும் சேர்க்கப்படும் ஆல்ககால் பெரும்பாலும் 'டினேச்சர்டு' எனப்படும் வகை. யாரும் குடித்துவிடக்கூடாது என்பதற்காகவே கடுங்கசப்பையும் வேறு வேதிப்பொருள்களையும் கலந்து அதைக் குடிக்கத் தகாததாக ஆக்கியிருப்பார்கள். இந்தியாவில் விற்கும் பிராந்தியில் ஆல்ககால் ஏறத்தாழ 43 விழுக்காடு. கொலோனிலோ அதற்கு இரு மடங்கு. அதனோடு நறுமண எண்ணெய்களும் குடலுக்குள் செல்கின்றன. உண்மையான புட்டியின் நிலையே இது. போலிப் புட்டியின் நிலை இன்னும் கொடியது. அதில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருக்கக்கூடும். நிறத்தாலோ மணத்தாலோ அதை வீட்டில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

மெத்தனால் உடலுக்குள் சென்றபின் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. சிறிதளவே பார்வையைப் பறித்துவிடும். 30 மில்லி அளவே உயிரைப் பறிக்கப் போதுமானதாகலாம். குடித்தவுடன் எதுவும் தெரியாமல் இருப்பதுதான் இதன் வஞ்சகம். பல மணி நேரம் கழித்தே தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் கண் மங்கலும் தொடங்கும். ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில், குளியலுக்கென்று விற்ற வாசனை நீரைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் மெத்தனால் இருந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்தன. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையானார்கள். இந்தக் கடற்கரையில் வாழ்வோர் அந்தச் சவ ஊர்வலங்களைக் கண்ணால் கண்டவர்கள். 'இதுவும் சாராயந்தானே' என்று அவர்கள் நடுவே ஓர் இளைஞன் விளையாட்டாகச் சொன்னால்கூட, பெரியவர்கள் வாளாவிருக்கக் கூடாது. திட்டுவதாலும் பயனில்லை. அழைத்து உட்காரவைத்து, புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டி, மெத்தனால் என்ன செய்யும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

தவறிப்போய் எவரேனும் குடித்துவிட்டால், நேரம் போக்காமல் 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று காத்திருக்க வேண்டாம். உரிய நேரத்தில் சென்றால் மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கவும் வழி உண்டு. வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். சிறு குழந்தை ஒரு வாய் விழுங்கிவிட்டாலும் இதையே செய்யுங்கள்.

வீட்டில் இப்புட்டிகளை எங்கே வைப்பது? நம்மில் பலர் அழகாக இருக்கிறதென்று திருச்சுரூபங்கள் உள்ள பலகையிலேயே வைத்துவிடுகிறோம். அருகிலேயே மெழுகுதிரி எரியும். கொலோன் எளிதில் தீப்பற்றும் பொருள். அதன் ஆவியே தீயை இழுத்துக்கொள்ளும். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் அமைந்த சிறு வீடுகளில் இந்த ஆபத்து மிகுதி. அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில், குழந்தைகளின் கை படாத உயரத்தில், முடிந்தால் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். காலியான புட்டியில் எண்ணெயோ தேனோ ஊற்றி வைக்காதீர்கள். புட்டியின் பழக்கத்தால் ஏமாறுவோர் நம் வீட்டுக் குழந்தைகளாகவே இருப்பார்கள்.

அயல்நாட்டில் இருந்து பெட்டி அனுப்பும் தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் அன்பை நாங்கள் அறிவோம். அடுத்த முறை புட்டியைக் கட்டும்போது, ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் மூன்றே வரிகள் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள்: இது முகத்திற்கு, இது சட்டைக்கு, இரண்டும் வாய்க்கு அன்று.